செம்பட்டி ரோட்டில் பூட்டன்

1958, ஆனி மாதம், செவ்வாய் இரவு

தாது வருஷப் பஞ்சத்தில் பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிக்கவிட்டுக் கண்டிச் சீமைக்கு ஓடிப்போனவன் என்றுதான் பூட்டன் முத்தையாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சித்திரையிலிருந்து திண்டுக்கல் தாலுகா ஆபீசுக்கு அலைகிறேன். இன்று பஞ்சகாலச் சாவுப் பதிவில் அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். தகப்பன் பெயரும் எங்கள் ஊர் சின்னாளப்பட்டியின் பெயரும் சரியாக இருக்கின்றன. பஞ்ச நிவாரணத்துக்குச் செம்பட்டி ரோடு போட்ட இடத்தில் கல்லுடைத்தவர், அங்கேயே பேதி கண்டு இறந்திருக்கிறார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். தறியில் இருந்தவர் கையை நிறுத்தினார்.

"இம்புட்டுப் பக்கத்துலயா கெடந்தாரு?"

"ஆமாப்பா. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தத்தான் கல்லுடைக்கப் போயிருக்காரு."

"எங்கய்யா சாகுற வரைக்கும் அவரை வைஞ்சுக்கிட்டே இருந்தாருடா."

இதற்கு முன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆடி அமாவாசைக்கு அந்த ரோட்டோரத்துலயே எள்ளுந்தண்ணியும் விடணும். அண்ணனும் வரணும்" என்றார்.

பெரியப்பா லேசில் நம்பமாட்டார். காலையில் அவரைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போய், அந்தப் பக்கத்தை அவர் காதுபடப் படிக்கப் போகிறேன். கத்துவார். கத்தட்டும். அமாவாசையன்று செம்பட்டி பஸ்ஸில் எங்களோடு அவரும் இருப்பார்.