இடித்த இடத்திலேயே நிற்க வேண்டும்

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை மதியம்.

என் மாமா காளீஸ்வரனுக்கு, பொன்மணி எழுதுவது.

இங்கே நான் சுகம். வேலைக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. அங்கே நீங்களும் ஹர்ஷினியும் சுகம் என்பது தினமும் போனில் தெரிகிறது. ஆனாலும் போனில் பேச முடியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் கல்யாணமாகி பதினேழு வருஷத்தில் முதல் முறையாக உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி என்று நான் ஆரம்பித்தாலே "இரு, ஹர்ஷினிட்ட குடுக்கேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் அதை முதலில் கேட்பது உங்கள் மகள். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள். சிவகாசி நசிமா அக்கா லீவில் ஊருக்கு வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்து, உங்கள் கையில் மட்டும்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் வைத்துப் படிக்காதீர்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படியுங்கள்.

விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கும் வீட்டு எஜமானி ஜமீலாம்மாவின் தம்பி ரொட்டிக் கம்பெனி வைத்திருக்கிறார். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோக வேன் டிரைவர் வேண்டுமாம். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் சரி என்றால் விசாவுக்கு எழுதுவார், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார். நீங்கள் ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். பைக்கைக்கூடத் தொடாமல் திருத்தங்கலுக்குப் பஸ்ஸில் போய் பிரஸ்ஸில் பேப்பர் அடுக்குகிறீர்கள். பதினாறு வருஷம் வெடி லோடு ஏற்றிப்போன கைக்குப் பேப்பர் அடுக்குகிற வேலையா என்று எனக்கு ஆறவே இல்லை.

(இங்கே வேலைக்காரிகள் எஜமானியை 'மாமா', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் என்னையும் அப்படிக் கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு ஊரில் ஒரு மாமா இருக்கிறார், அந்தப் பேரை இன்னொருவருக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!)

இனி நீங்கள் இங்கே வண்டி ஓட்டுவதற்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன். பெண்டாட்டி எனக்குச் சொல்லித்தருவதா என்று மீசையைத் தடவாதீர்கள். இந்த ஊர் லைசென்ஸ் என் கையில்தான் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

இங்கே ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. உங்கள் வண்டியில் பார்த்த ஞாபகத்தில் முதல் ஒரு வாரம் கதவுப் பக்கம் திரும்பி கியரைத் தேடினேன். திரும்புவதற்கு விளக்குப் போடுகிறேன் என்று நினைத்து, சுள்ளென்று அடிக்கிற வெயிலில் வைப்பரை ஆட்டிக்கொண்டு போனேன். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். இதற்கு ஒரே மருந்து பழக்கம்தான். திரும்பும்போதெல்லாம் நடு ரோடு உங்கள் தோள் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவருடைய தோள் எப்போதும் நடு ரோட்டுப் பக்கம்தான் இருக்கும். அது நம் ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

ரவுண்டானாவில் நம் ஊர் வேலை செல்லாது. சிவகாசி பஸ் ஸ்டாண்டு முக்கில் வண்டியின் மூக்கை நுழைத்துவிட்டால் மற்றவன் நின்றுதான் ஆக வேண்டும். இங்கே உள்ளே சுற்றுகிறவனுக்குத்தான் முதல் வழி. இடது பக்கம் பார்த்து, காலி என்றால் மட்டும் உள்ளே போக வேண்டும். பின்னால் இருப்பவன் அவசரப்படுத்த மாட்டான். ஹார்ன் அடிப்பது இங்கே வைவதற்குச் சமம். நீங்கள் தாயில்பட்டி விலக்கிலிருந்து வெம்பக்கோட்டை வரைக்கும் அடிக்கிற ஹார்னை இங்கே ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் ஆள் காலை வைத்தாலே வண்டியை நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டவே கூடாது. வேகத்துக்கு அங்கங்கே கேமரா இருக்கிறது, அது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காது. மழை பெய்தால் இன்னொன்று. இங்கே வாதி என்று சொல்வார்கள், நம் வைப்பாறு மாதிரி வருஷம் பூராவும் காய்ந்து கிடக்கும் ஓடை. மழை வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் பாயும். முழங்கால் தண்ணீர்தானே என்று இறக்கிவிடக் கூடாது. போலீஸ் பிடிப்பது இருக்கட்டும், தண்ணீரே பிடித்துக்கொண்டு போய்விடும்.

டெஸ்ட் மூன்று வைப்பார்கள். டிரம்களுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், சாய்வில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும், பிறகு ரோடு. நான் டிரம்மில் இரண்டு முறை தட்டிவிட்டு மூன்றாவது முறைதான் தேறினேன். நீங்கள் ஒரே முறையில் தேறுவீர்கள். இதை உங்களுக்குத் தைரியம் சொல்வதற்காக எழுதவில்லை. குடோன் வாசலில் ஒரு சாண் இடத்தில் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டினீர்களே, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் பிரேக் போட்டால் உள்ளே ஒரு பெட்டி நகராது. உங்களைக் கட்டிக்கொள்ளும் முன்னால் என் தோழி செல்லத்தாய் உங்களைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தையே அதுதான். வேன் நிறைய ரொட்டி, மாமா. உரசினாலும் வெடிக்காது, வெயிலில் நின்றாலும் வெடிக்காது. ஒரே சங்கடம், நம் ஊரில் வெடி வண்டி என்றால் எதிரில் வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான். ரொட்டி வண்டிக்கு யார் பயப்படப்போகிறார்கள்?

அடுத்த விதியை எழுதுவதற்கு முன்னால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வண்டி இடித்துவிட்டால் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. யார் மேல் தப்பு என்பது அப்புறம். ஆளுக்கு அடி என்றால் போலீஸ் வரும் வரை அங்கேயே இருக்க வேண்டும், அடி இல்லையென்றால் வண்டிகளை ஓரத்தில் எடுத்துவிட்டு நிற்க வேண்டும். விட்டுவிட்டுப் போனால் பெரிய குற்றம். இதை எனக்கு வகுப்பில் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைதான், ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் நான் ஓடிவிட்டேன்.

உங்களிடம் வண்டியில் சின்னக் கீறல் என்று சொன்னேன். பொய். ஜமீலாம்மாவின் சின்ன மகள் ரீமைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். ஆறு வயது, பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் நிற்காமல் உள்ளே வந்துவிட்டது. நான் பிரேக் அடித்தும் அதன் விலாவில் போய் மோதினேன். உடனே என் முகத்துக்கு முன்னால் ஒரு வெடி வெடித்தது. ஸ்டியரிங்குக்குள் ஒரு பை வைத்திருக்கிறார்கள், மோதினால் அது ஊதி நம் நெஞ்சைக் காப்பாற்றுமாம். அதை ஊத வைப்பதற்கு உள்ளே கொஞ்சம் வெடிமருந்து இருக்குமாம். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்தது சத்தமும் வெள்ளைப் புகையும்தான். அந்த வாடையும், மாமா. நம் வாடை.

கதவைத் திறந்து ஓடினேன். செருப்பு ஒன்று வண்டிக்குள் கிடந்தது. நம் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் போர்மேன் தங்கப்பாண்டியன் அண்ணன் சொன்னாரே, "சத்தம் கேட்டா கையில உள்ளதப் போட்டுட்டு ஓடு, செருப்பத் தேடாத, பக்கத்துல இருக்கவளத் தேடாத" என்று. நாலு பேர் வேலை செய்கிற அறைக்கு நாலு கதவு வைத்திருப்பது அதற்குத்தானே. பத்து வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து சக்கரம் சுற்றியவள் நான். ஒரு கடை வாசல் வரைக்கும் ஓடி, கீழே படுத்து, காதைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வெடிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அப்புறம்தான் பிள்ளை ஞாபகம் வந்தது.

திரும்பி ஓடியபோது பிள்ளை பின் சீட்டில் அழாமல் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக உட்கார்ந்து நான்தான் அழுதேன். எதிர் வண்டிக்காரர் தப்பு தன் மேல் என்று ஒப்புக்கொண்டார். போலீஸ்காரர் என்னிடம், போனாயா என்று கேட்டார். போனேன் என்றேன். திரும்பி வந்தாயா என்றார். வந்தேன் என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார், வழக்கு ஒன்றும் போடவில்லை.

ஜமீலாம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெற்றவள், பேசாததில் தப்பில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, அது என்ன என்று நினைத்து ஓடினாய் என்று கேட்டாள். தாயில்பட்டி வெடிக் கம்பெனியைப் பற்றி எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். கேட்டுவிட்டு வேறு வண்டிச் சாவியை என் கையில் வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே ஓட்டினேன். இப்போதும் தினமும் ஓட்டுகிறேன்.

அந்த வாரத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. என் கால் என்னைக் கேட்டு ஓடவில்லை, மாமா. ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற நினைப்பே வராமல் ஓடியது. அப்படியென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், உங்கள் வண்டிக்குள் லோடு ஏற்றுகிற மொக்கைச்சாமி அண்ணன் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது குடோனில் சத்தம் கேட்டு நீங்கள் இறங்கி ஓடினீர்களே, அது மட்டும் எப்படி உங்களைக் கேட்டு நடந்திருக்கும்?

அண்ணனின் எட்டாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்து நான் என்ன சொன்னேன் என்பது நம் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை. "அந்த மனுசன வண்டிக்குள்ள விட்டுட்டு ஓடியாந்தவுகளுக்குச் சோறு எறங்குதாக்கும்" என்றேன். நீங்கள் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தீர்கள். மறுநாள் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

போன வாரம் அண்ணனின் பெண்டாட்டி வள்ளித்தாய் மதினிக்குப் போன் போட்டேன். அண்ணன் போன பிறகு அந்த நாளைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆஸ்பத்திரில மூணு நா இருந்தாருல்ல, அப்பமே சொல்லிட்டாரு தாயி. காளி திரும்பி வந்து கதவப் புடிச்சு இழுத்தான், கதவு வரல, கையி வெந்துபோச்சு. ஏலே போலே, ஒனக்குப் பொம்பளப்புள்ள இருக்குன்னு நாந்தான் வெரட்டுனேன்னாரு. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. வலது உள்ளங்கை ஏன் வெந்தது என்று கேட்டதற்கு ஓடும்போது சூட்டுக் கம்பியில் பட்டது என்றீர்கள். நானும் நம்பினேன். திரும்பிப் போனதைச் சொல்லியிருந்தால் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேனா? ஏன் சொல்லவில்லை என்று உங்கள் மேல் கோபமாகக்கூட இருக்கிறது. ஆனால் கதவு திறக்காதபோது திரும்பிப் போனதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியாதா.

நான் திரும்பிப் போனேன், பிள்ளை நன்றாக இருந்தாள். நீங்களும் திரும்பிப் போனீர்கள், கதவு திறக்கவில்லை. நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வார்த்தை தப்பு, மாமா. மன்னித்துவிடுங்கள். வேலைக்கு வரவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் வராமல் பிரஸ்ஸிலேயே இருந்தாலும் அந்த வார்த்தை தப்புதான்.

மற்றபடி, ஹர்ஷினிக்குக் கணக்கில் மார்க் குறைந்ததற்கு வையாதீர்கள். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் ஏறியிருப்பதாகச் சொன்னாள், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் இங்கே வந்தால் அவள் பொதுத்தேர்வு வரைக்கும் விருதுநகரில் என் அக்கா வீட்டில் இருக்கட்டும், நான் பேசிவிட்டேன்.

நசிமா அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். பதிலை அவளிடமே கொடுத்துவிடுங்கள். சரி என்றால் பாஸ்போர்ட் நகலும் இரண்டு போட்டோவும் சேர்த்து வையுங்கள்.

இருக்கன்குடி ஆத்தா உங்கள் கூடவே இருக்கட்டும். வாருங்கள், மாமா. உங்களுக்கு இந்த ஊர் லைசென்ஸ் கிடைக்கிற முதல் வெள்ளிக்கிழமை ஜமீலாம்மாவின் காரைக் கேட்டு வாங்குகிறேன். கடற்கரை வரைக்கும் நீங்கள் ஓட்ட வேண்டும். முன் சீட்டு எனக்கு வேண்டாம். நான் பின்னால், ரீம் உட்காருகிற இடத்தில்தான் உட்காருவேன்.

உங்கள்
பொன்மணி