ரெண்டு துவக்கு

அக்டோபர் 27, திங்கள்

சிரோக்கோ. காலையிலிருந்தே சுடுகாற்று. நேற்றுக் கொடியில் போட்ட விரிப்புகள் எல்லாம் ஆபிரிக்கத் தூசி. மறுபடி தோய்க்க வேண்டும்.

எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்திடம் என்று வைத்துக்கொள்ளலாம், அதை எழுத வேண்டிய நேரத்தில்தான் இந்த நாட்குறிப்பு. இத்தாலிக்கு வந்து இவ்வளவு வருடமாகியும் எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. அப்பா கடைச் சிட்டையைக்கூடக் கிழித்துப்போடுவார். ஊரில் போர் நடந்தபோது இயக்கத்தில் இருந்த காலத்துப் பழக்கம்.

இன்று கருத்தரங்கில் என் முறை. லிபியாவின் மலைகளில் இத்தாலியருக்கு எதிராகக் கடைசிவரை சண்டை பிடித்த குழுக்கள், அவற்றை நடத்திய முதிய தலைவர், அவருடைய பின்வாங்கல்கள். இத்தாலிய அதிகாரி ஒருவரின் அறிக்கையை வாசித்தேன். எதிரி ஒழுங்காகப் பின்வாங்கினான், பின்னால் 'போக்கி ஃபுச்சீலி', சில துப்பாக்கிகள், நின்று மறைப்புக் கொடுத்தன.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். பட்டம் எடுத்தவளை இங்கே தொத்தொரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவார்கள். "துப்பாக்கிகள் தாமாக நிற்பதில்லை, தொத்தொரெஸ்ஸா. நின்றது யார்? அவர்களை நிற்கச் சொன்னது யார்? எப்படித் தெரிவு செய்தார்?"

தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், எல்லாம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.

அம்மாவிடம் சொன்னதும் சிரித்தார். "தந்திரோபாயப் பின்வாங்கலோ?"

ஒவ்வொரு ஊராக விழுந்தபோது இயக்கத்தின் வானொலியில் சொன்ன சொல். எங்கள் வீட்டில் அது பகிடி. அப்பா சிரிக்கவில்லை.

அம்மா கத்தியை நீட்டினார். "சரி தொத்தொரெஸ்ஸா, வெங்காயத்தை உரி."

செய்ய: விரிப்பு. நூலகப் புத்தகங்கள். நாளை அம்மாவோடு பொலிதேயாமாவில் படக்கடை, மாமாவின் படத்தைப் பெரிதாக்க.

28, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. பஸ் வரவே இல்லை, நாங்கள் இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பாதித் தூரம் நடை. அம்மாவுக்கு முழங்கால் நோ. ஆனாலும் எனக்கு முன்னால் நடந்தார்.

மாமா என்பது யூட் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். அவருடையது என்று ஒரு படம்தான் இருக்கிறது, அதுவும் ஒரு குடும்பப் படத்திலிருந்து வெட்டியது. ஓரத்தில் அப்பாவின் தோள்.

கடைக்காரர் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். "இந்தத் தோளை எடுத்துவிடவா, சிஞ்ஞோரா?"

"வேண்டாம். அது என்ரை மனுசன்." இத்தாலியனில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில்: "அவரும் கிடக்கட்டும்."

"அழகான பெடியன். என்ன வயது?"

அம்மா யோசிக்கவே இல்லை. "முப்பத்தொன்பது."

படத்தில் இருப்பவருக்கு இருபத்துமூன்றுக்கு மேல் இராது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சட்டகங்களைப் பார்த்தேன்.

அம்மா அவருக்கு வருடா வருடம் வயது கூட்டிக்கொண்டு வருகிறார் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

பஸ்ஸில்: "தலை நரைச்சிருக்கும் அவனுக்கு. எங்கடை ஐயாவுக்கும் வெள்ளனவே நரைச்சது. தாடி விட்டிருந்தால் எனக்கு அடையாளம் தெரியுமோ தெரியாது."

"தெரியும் அம்மா."

டிசம்பரில் அம்மா ஊருக்குப் போகிறார். முதலில் மன்னார், பிறகு வவுனியா. அங்கே தெருவோரக் கொட்டிலில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு இருக்கும் தாய்மாரோடு தானும் போய் இருப்பாராம். எவ்வளவு காலம் என்று கேட்டால், "அவன் வருமட்டும்." லிபெர்த்தாத் தெருவில் அம்மா பராமரிக்கிற வயதான சிஞ்ஞோராவுக்கு மகள் வேறு ஆள் பார்த்தாயிற்று. திரும்பி வந்தால் அந்த வேலை இல்லை. அப்பா கூடப் போக முடியாது, விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

அம்மாவின் நம்பிக்கை முழுவதும் அப்பா சொன்ன ஒரு சொல்லில் நிற்கிறது. மாமா அப்பாவின் குழுவில்தான் இருந்தார், அப்பாதான் பொறுப்பாளர். ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முதல் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த அணியில் சிலர் சரணடைந்தார்கள். சரணடைந்தவர்கள் எங்கோ இருக்கலாம்.

30, வியாழன்

மழை. அப்பாவுக்கு அரை நாள் வேலைதான். சமையலறை மேசையில் என் வரைபடம். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவர் போகாமல் நின்றார். இத்தனை வருடத்தில் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டதே இல்லை.

"எந்த இடம்?"

"லிபியா, அப்பா. இத்தாலிக்காரர் பிடிச்சு வைச்சிருந்த காலம்."

"இவங்கள் எதாலை வந்தாங்கள்?"

காட்டினேன்.

"கிழவன் எதாலை போனவர்? காயக்காரரோடையோ?"

"ஓம்."

விரலை ஒரு பள்ளத்தாக்கின் வாயில் வைத்தார். "அப்ப இஞ்சை ஆரையும் விடாமல் போயிருக்கேலாது."

பேராசிரியையின் கேள்வியை வரைபடத்தைப் பார்த்தபடி கேட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் கேட்க வராது. "ஆரை விடுறது எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?"

"நல்லாச் சுடுறவனை. ஏன் எண்டு கேளாதவனை." ஒரு வாய் தேத்தண்ணி. "சொந்தக்காரன் இருந்தால் அவனைத்தான் விடவேணும். இல்லாட்டி மற்றவங்கள் கதைப்பாங்கள், தன்ரை ஆளைக் காப்பாத்திப்போட்டான் எண்டு. அதுக்குப் பிறகு ஒருத்தனும் சொல்லுக் கேளான்."

அம்மா அடுப்படியிலிருந்து: "தொடங்கீட்டார். இனிக் குளக்கட்டுக் கதை வரும், இருந்து பார்."

வந்தது. எனக்கு அது மனப்பாடம். பின்வாங்க வேண்டிய நாள், தூக்கிக்கொண்டு வந்த காயக்காரர்கள், சேறு. பிறகு எப்போதும் வருகிற அதே வரி: "குளக்கட்டிலை ரெண்டு துவக்கு நிண்டது. அதாலைதான் நாங்கள் வந்து சேர்ந்தனாங்கள்."

அம்மா கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிண்டது. அப்பா சிஞ்ஞோராவின் நாயைக்கூட 'அவர்' என்றுதான் சொல்லுவார். "அவர் இண்டைக்குச் சாப்பிடேல்லையாம்." குளக்கட்டில் மட்டும் இரண்டு துப்பாக்கி, நின்றது.

அப்பாவின் குழுவில் அப்பாவுக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான்.

வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

31, வெள்ளி

நாளை விடுமுறை, இன்றே எல்லாக் கட்டடப் படிகளும் கழுவி முடிய வேண்டும் என்று அப்பா சொன்னார். நானும் வாறன் என்றேன். ஆச்சரியப்பட்டார்.

லிபெர்த்தாவில் பழைய கட்டடம், ஆறு மாடி. படி கழுவுவது மேலிருந்து கீழே. கழுவிய படியைப் பார்த்தபடி, முதுகு கீழே இருக்க, ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இறங்க வேண்டும். நான் வாளி. யாரோ சிஞ்ஞோரா கதவைத் திறந்து, "மகளா? பல்கலைக்கழகமா? பாராட்டுக்கள்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். கதவு மூடியது.

நாலாம் மாடியில் கேட்டேன். வாளியைப் பார்த்துக்கொண்டுதான்.

"அண்டைக்குக் குளக்கட்டிலை நிண்டது ஆர், அப்பா?"

துணியைப் பிழிந்தார். விரித்தார். மறுபடி பிழிந்தார். இரண்டு படி இறங்கினார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"யூட். மற்றவன் புதுசு, பேர் எனக்கு வடிவாத் தெரியாது."

"வேறை அணிக்கு மாத்தினது எண்டு..."

"கொம்மாவுக்குச் சொன்னது அது." இன்னொரு படி. "நான்தான் நிப்பாட்டினனான். அவன் ஒண்டும் கேக்கேல்லை. அக்காட்டைச் சொல்லாதேங்கோ, பயப்பிடுவா எண்டு மட்டும் சொன்னவன். காயக்காரரைக் கொண்டுபோய் விட்டிட்டுத் திரும்பி வாறன் எண்டு நான் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

"போனீங்களோ?"

"வெடி கேட்டுக்கொண்டு இருந்தது. பிறகு கேக்கேல்லை."

மிச்ச மாடிகளையும் கழுவினோம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவுக்கு நோவெண்ணெய் வாங்கினார்.

அப்பாவை வெறுக்க முயன்றேன். முடியவில்லை. காயக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது மிலானோவில் இருக்கிறார், ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அப்பாவோடு கதைப்பார். பிள்ளைகளின் படம் அனுப்புவார்.

நவம்பர் 1, சனி

வெயில். எல்லாக் கடையும் பூட்டு. மூன்றாம் அத்தியாயம்: ஒரு வரிகூட இல்லை. போன மாதம் எழுதியதைத் திறந்து பார்த்தேன். அந்தப் பின்வாங்கலைப் பற்றி 'வெற்றிகரமானது' என்று நானே எழுதியிருக்கிறேன். அழித்தேன். பிறகு திருப்பி எழுதினேன், ஏனென்றால் அது வெற்றிகரமானதுதான். பிறகு கணினியை மூடினேன்.

சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து பாதாம் மாவில் செய்த பழங்கள் ஒரு பெட்டி. இங்கே செத்தவர்கள்தான் இந்த நாட்களில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவருவார்கள். "உன் மகளுக்கு, உங்கள் வீட்டு மரித்தவர்கள் கொடுத்தது" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அம்மா: "எங்கடை ஆக்கள் இஞ்சை வர ஆர் விசா, பெர்மெஸ்ஸோ எல்லாம் குடுத்தது?" தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பாதாம் மாவு மாண்டரின் ஒன்றைப் பிய்த்து என் வாயில் வைத்தார்.

பெட்டியில் உடுப்பு அடுக்குகிறார், டிசம்பருக்கு இப்போதே. மாமாவுக்கு ஒரு சேட், அளவு எல். "மெலிஞ்சிருப்பான், ஆனால் வயது போனால் தோள் அகலும்." என்னை எழுப்பி நிறுத்தி என் தோளில் வைத்துப் பார்த்தார். இவ்வளவு சந்தோசமாக அம்மாவை நான் பார்த்து எத்தனை காலம்.

சொன்னால் இது போய்விடும். சொல்லாவிட்டால் அந்தக் கொட்டிலில் வெயிலில் மாதக்கணக்கில் இருப்பார். இரண்டில் எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. அப்பா பல்கணியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

2, ஞாயிறு

மரித்த விசுவாசிகள் பூசை. கோயில் நிறையச் சனம், வாசல்வரை. எங்கள் தமிழ்ப் பூசையில் மன்றாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பேரைச் சொல்லுவார்கள். நீண்ட நேரம் எடுக்கும். சில வீட்டுக்காரருக்கு மூச்சு விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவு பேர்.

எங்கள் வாங்கின் முறை வந்தது. அம்மா தன் தாய் தகப்பன் பேரைச் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, உரத்து: "என்ரை தம்பி யூட் உயிரோடை திரும்பி வரவேணும் எண்டும் மன்றாடுவம்."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே என்று சனம் சொன்னது. பின்னால் யாரோ, "பாவம்" என்றார், மெல்ல.

அப்பா எழும்பினார். தன் தகப்பன் பேரைச் சொன்னார். தாய் பேரைச் சொன்னார். வாயைத் திறந்தபடி நின்றார். நான் வாங்கைப் பிடித்துக்கொண்டேன். சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று உள்ளுக்குள். கையால் முகத்தைத் துடைத்துவிட்டு இருந்துவிட்டார்.

பூசை முடிந்து அம்மா மற்றப் பெண்களோடு கதைத்துக்கொண்டிருந்தார், எல்லோருக்கும் அந்தப் பெரிய படத்தைக் காட்டிக்கொண்டு. அப்பாவும் நானும் வெளியே, மோட்டார்சைக்கிள்கள் நிற்கிற இடத்தில்.

"பிள்ளை."

"ஓம் அப்பா."

"அவ போகமுதல் தெரியவேணும்."

"ஓம்."

"நீ சொல்லு. நீ படிச்சனி. பதமாச் சொல்லுவாய், உன்னட்டை எண்டால் கேப்பா. நான் பின்னேரம் வெளியிலை போறன். நீ இருந்து சொல்லு, பிறகு நான் வாறன்."

அப்பா இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. சத்தம் உயர்த்தவும் இல்லை. வேலை பிரித்துக் கொடுப்பது போலச் சொன்னார். நான் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அப்போதுதான் விளங்கியது, இந்த முறை பின்னால் நிற்க யாரை விடுகிறார் என்று.

பஸ்ஸில் அம்மா படத்தை மடியில் வைத்து உறையின் மூலையை நீவிக்கொண்டு வந்தார்.

இப்போது பின்னேரம். அப்பா சப்பாத்துப் போடுகிறார். அம்மா உள்ளே தேத்தண்ணி வைக்கிறார், மூன்று கோப்பை எடுக்கிற சத்தம். வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் இந்தப் பக்கத்தைக் கிழித்து வாசலில் அப்பாவின் கையில் கொடுக்கப் போகிறேன். கீழே உள்ளதை மட்டும் வாசித்தால் போதும்.

அப்பா, நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன். சொல்லிப்போட்டு, அம்மா கேக்கிறதெல்லாம் கேட்டு முடியுமட்டும் நில்லுங்கோ.