டோங்காய் அம்மா கொடுத்த மருந்து

அன்பு மகள் சேகாய்க்கு அப்பா எழுதுவது.

நீ நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் நாங்களும் நன்றாகத் தூங்கி எழுந்தோம் என்று வைத்துக்கொள். அம்மா ஹராரேயிலிருந்து வந்துவிட்டாள், உன் தம்பியின் குழந்தை அவனையே உரித்து வைத்திருக்கிறதாம், பால் குடிப்பதும் தூங்குவதும்தான் வேலையாம், அதிலும் அப்பனையே கொண்டிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அது வந்த அன்றைக்குச் சிரித்தது. அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சட்ஸாக் களியைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள், ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். மழை இந்த முறை நேரத்துக்கு வந்தது, சோளம் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, சிவப்புப் பசு சினையாக இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் எதையாவது கேட்பாய், நானும் அதுதான் சாக்கு என்று பேச்சை மழைக்கும் மாட்டுக்கும் திருப்பிவிடுவேன். பார், இங்கேயும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மழை தொடங்கிய சமயத்தில் எனக்கு மார்பில் சளி கட்டிக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தேனே, டவுனுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன், அதில்தான் குணமானது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய் மகளே. டவுன் பக்கமே நான் போகவில்லை. நீ அதை நம்பி உங்கள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதாகவும் எல்லோரும் அல்லேலூயா போட்டதாகவும் சந்தோஷமாகச் சொன்னாய், அன்றைக்குப் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கோழிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைக் குணமாக்கியது டோங்காய் அம்மா. ஆமாம், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் டோங்காய் அம்மாதான், அவர் ஆடு நம் சோளத்தை மேய்ந்துவிட்டது என்று நான் தலைவர் சிவாராவின் பஞ்சாயத்துக்கு இழுத்து, ஊர் பார்க்கத் தண்டமாக ஓர் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தேனே, அதே விதவை அம்மாள். அப்போது உன் அம்மா உன் தம்பி மனைவியின் பிரசவத்துக்கு ஹராரே போயிருந்தாள், கிளினிக்கில் கொடுத்த மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை, எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கக்கூடத் தெம்பில்லை. டோங்காய் அம்மா யாரும் கூப்பிடாமலே வந்து வாசலில் நின்று, "சேகாய் அப்பா, நீங்க இருமுற இருமல்ல என் கோழிங்க முட்டை போட மாட்டேங்குது, உள்ள வரலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

தைல மரத்து இலையையும் சும்பானி மூலிகைக் கொத்தையும் பெரிய பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, என்னைக் கம்பளிக்குள் தள்ளி, பானையையும் உள்ளே வைத்து மூடிவிட்டார். உள்ளே வெந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் தலையை வெளியே நீட்டினால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்புவார். "மூக்கால இழுங்க, நல்லா இழுங்க. அன்னிக்கு பஞ்சாயத்துல மூச்சு விடாம பேசினீங்களே, அந்த மூச்செல்லாம் இப்ப எங்க போச்சு?" என்று கம்பளிக்கு வெளியே நின்று கேட்டார். பிறகு சும்பானி இலையைத் தேநீர்போல வடித்துக் கொடுத்தார், நிலக்கடலை அரைத்துப் போட்டுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தார். "இது சளியத்தான் இறக்கும். மூச்சு முட்டுற மாதிரி இருந்தா நான் வண்டி கட்டிடுவேன், அப்ப ஆஸ்பத்திரி வேணாம்னு அடம் பிடிக்கக் கூடாது" என்றும் சொல்லி வைத்தார். தினமும் காலையிலும் சாயங்காலமும் வந்தார். வண்டி கட்ட வேண்டிய தேவை வரவில்லை, சளி இறங்கிற்று, நான் எழுந்து மாட்டை ஓட்டினேன்.

மருந்து கொடுத்தவருக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் மருந்து முறிந்துவிடும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கதவைத் திறந்து விட்டாலும் நன்றி, மூடினாலும் நன்றி என்று சொல்கிற வெள்ளைக்காரர் ஊரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டாய், மறந்திருந்தால் இப்போது ஞாபகப்படுத்திக்கொள். நான் அதன்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நன்றிக்காகக் கை தட்டவில்லை, அவர் குலப்பெயரைச் சொல்லிக் கும்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்காமல் காலிப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் தப்பில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, பஞ்சாயத்தில் நான் தோற்கடித்த பொம்பளையிடம் தலை குனியாமல் தப்பித்தோம், நல்ல வழக்கம்தான் முன்னோர் வைத்தது என்று நினைத்தேன். அதனால்தான் உன்னிடமும் ஊசி என்று அளந்தேன். அதை எழுதும்போதே காது சூடாகிறது.

இனிமேல்தான் முக்கியமானது. மாவு மில் வைத்திருக்கும் கிவ்மோரின் குழந்தைக்குப் போன மாதம் வயிற்றுப்போக்கு. அவன் மனைவி டோங்காய் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொல்லி, கொய்யா இலைத் தண்ணீரும் கொஞ்சம் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள நிக்கலைன்னா கிளினிக்குக்கு ஓடு, என் இலைய நம்பி உக்காந்திருக்காதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாராம். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் குழந்தை துணிபோலத் துவண்டுபோய், மிஷன் ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக மருந்து ஏற்றிப் பிழைத்தது, கடவுள் புண்ணியம். ஆனால் கிவ்மோர் தன் சோம்பேறித்தனத்தைச் சொல்வானா, டோங்காய் அம்மா இலையில் எதையோ கலந்துவிட்டார் என்று பஞ்சாயத்தைக் கூட்டினான். சூனியக்காரி என்ற கெட்ட வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

தலைவர் சிவாரா நியாயமானவர்தான். "இந்த அம்மா கையால மருந்து குடிச்சவங்க யாராவது இருந்தா எந்திரிச்சு சொல்லுங்கப்பா, குடிச்சு நல்லானீங்களா, கெட்டீங்களா?" என்று கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் வயிற்றில் அவர் இலை போயிருக்கிறது. ஒருவரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. எழுந்து சொன்னால் நன்றி சொன்னதுபோல ஆகிவிடும், மருந்து முறிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல சேகாய். தண்டம் வாங்கியவன் அவள் கஷாயத்தைக் குடித்துப் பிழைத்தான் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம்தான். டோங்காய் அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். யாருக்கு மருந்து கொடுத்தேன் என்று கொடுத்தவர் சொல்லிக் காட்டுவது மரியாதையில்லை, அவர் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், நான்தான் மாட்டியிருப்பேன். அவர் இனிமேல் யாருக்கும் மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகு பம்பில் அவர் தண்ணீர் பிடித்தால் அடுத்து வந்தவர்கள் குழாயைக் கழுவிவிட்டுத்தான் பிடித்தார்கள். தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் நெருக்கி உட்காரவில்லை.

உன் அம்மா வந்ததும் வேறு யார் சொல்லியோ பஞ்சாயத்துச் செய்தி தெரிந்துவிட்டது, நான் ஆவி பிடித்த கதையை நானே சொன்னேன். "வாயில என்ன, சட்ஸாவை அடைச்சு வச்சிருந்தீங்களா? கம்பளிக்குள்ள உங்கள வேகவச்ச பொம்பளைக்கு ஒரு வாய் பேச முடியலையா? நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று கேட்டாள். கேட்டதோடு பேச்சை நிறுத்தியவள்தான். நான் டோங்காய் அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார், சிவுவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறாராம். நான் தரையில் உட்கார்ந்து கையைக் குவித்தேன், தட்டப் போனேன். "நிறுத்துங்க சேகாய் அப்பா. மருந்து முறிஞ்சு இருமல் திரும்பி வந்தா, இலை பறிச்சுக் கொடுக்க நான் இங்க இருக்கப் போறதில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. தலைவரிடம் போய்ப் பேசுகிறேன், இருங்கள் என்றேன். "பேசுறதுக்கு ஒரு நாள் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிச் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன். அப்போதும் தலைவர் வீட்டுக்குப் போகவில்லை, நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

நேற்று அவர் பஸ் ஏறினார். சாக்கு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன், வேண்டாம் என்றார், கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் சந்தை நாள் கூட்டம், தக்காளி விற்கிற பெண்கள், மாவு மூட்டை ஏற்ற வந்த கிவ்மோர், எல்லோரும் இருந்தார்கள். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, அந்தப் புழுதியில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினேன். "வரிக்குதிரைக் குலத்தாயே, உங்க சும்பானியாலதான் நான் உசுரோட இருக்கேன், உங்க கையால குடிச்சேன், பஞ்சாயத்துல வாயத் திறக்காம இருந்தேன், நன்றி தாயே, நன்றி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மருந்துக்கு எவனும் நன்றி சொல்ல மாட்டான், அதனால்தான் அத்தனை பேருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று உடனே புரிந்தது. ஒரு தக்காளிக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். டோங்காய் அம்மா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஐயோ மனுஷா, வாய மூடுங்க, முறிஞ்சுடும்! செத்துத் தொலையப் போறீங்க!" என்று பதறினார். முறியட்டும் என்று நான் தட்டிக்கொண்டே இருந்தேன். பஸ் கிளம்பிற்று. அவர் முகத்தைத் துண்டால் துடைத்தது தெரிந்தது, அழுதாரா புழுதியா தெரியாது. இறங்கவில்லை. நான் எழுந்தபோது கிவ்மோர் தன் மூட்டைகளை எண்ணுவதுபோல நின்றான். இதை நான் ஒரு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து செய்திருந்தால் அவர் இன்று தன் வீட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார்.

தலைவர் ஆள் விட்டிருக்கிறார், சனிக்கிழமை மறுபடி பஞ்சாயத்து. எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், எழுதியதில் எதையும் விழுங்க மாட்டேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், வேலையில் அந்தக் கிழவர்களைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது முதுகை வளைக்காதே, குளிரில் காதை மூடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நம் குல முன்னோர் உன் முன்னும் பின்னும் காவல் நிற்கட்டும். இருமல் மருந்து எதுவும் அனுப்ப வேண்டாம். உங்கள் சபையில் மறுபடி எழுந்து நின்று, அப்பா சொன்னது பொய், ஊசி இல்லை, டோங்காய் அம்மா என்று பெயரோடு சொல். மறக்காமல் இன்னொன்று செய், டோங்காயின் நம்பர் உன்னிடம் இருக்கும், அவனைக் கூப்பிட்டு அவன் அம்மா திரும்பி வருவாரா என்று கேள். வர மாட்டேன் என்று அவர் சொன்னால், என் மனசு நோகுமே என்று மாற்றிச் சொல்லாமல், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எனக்குச் சொல்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அப்பா