அப்பா பேர் போடுக்கா

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், தங்கச்சி அனுப்பியிருந்த குரல் செய்தியைக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

"அக்கா, திட்டாம கேளு. வீடு மாத்தணும். அட்வான்ஸுக்குப் பணம் கொறையுது. பதினாலாம் தேதி மத்தியானத்துக்குள்ள கட்டலன்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். உன்னால முடிஞ்சா மட்டும். கடனாத்தான் கேக்கறேன். அப்புறம்... பழைய அக்கவுண்ட்டுக்கு அனுப்பாத. புது நம்பர் தரேன்."

பதினோரு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறாள். இதுவரை ஒரு காசு கேட்டதில்லை. பிறந்தநாளுக்கு நானாக ஏதோ அனுப்புவதோடு சரி. அவள் கேட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம் என்று எழுதினால் அசிங்கமாக இருக்குமா? இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள். நாற்பத்தாறு வயதில் மறுபடியும் அக்காவாக இருக்க ஒரு வாய்ப்பு.

கேட்டது என் மூன்று மாதச் சம்பளம். சேமிப்பில் அவ்வளவு இருக்கிறது. அதற்கு மேல் பெரிதாக இல்லை.

மார்ச் 4, புதன்

இவரிடம் சொன்னேன். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"புது நம்பரா? இப்பல்லாம் குரலைக்கூட மிஷின்ல செஞ்சிடறானுங்களாம். நீ பாட்டுக்கு அள்ளிக் குடுத்துட்டு நிக்காத."

சொன்னது நியாயம்தான். அவளுடைய பழைய போன் எண்ணுக்கே கூப்பிட்டேன். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை அவளுக்கு. பின்னால் பாத்திரங்கள் உருண்டன.

"நீ நீதானான்னு எனக்குத் தெரியணும். உன்னை ஏன் பட்டன்னு கூப்பிடறோம்?"

"அக்கா! நாப்பது பேருக்குக் கஞ்சி அடுப்புல கொதிக்குது."

"சொல்லு."

"நாலு வயசுல அப்பா சட்டை பட்டனை முழுங்கிட்டேன்."

"என்ன கலர்?"

"பச்சை. நாலு ஓட்டை. நீதான் வயித்துக்குள்ள சட்டை மொளைக்கும்னு சொல்லி ரெண்டு நாள் அழ விட்ட. போதுமா, போலீஸ்காரம்மா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இவர் சிரித்துவிட்டார். "போதும், போதும். எந்த மிஷினும் இப்படி வாயாடாது."

புதுக் கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அவள் சொல்ல நான் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வங்கிக்கு ஓடினேன். கவுன்ட்டர் பெண் கட்டணத்தைச் சொன்னாள். நடுவில் வேறொரு வங்கி இருக்குமாம், அதுவும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுமாம்.

"எவ்வளவு பிடிக்கும்?"

"அது போனப்புறம்தான் தெரியும் மேடம்."

திரும்பும் வழியில் ஒரு பணம் மாற்றும் கடை. கண்ணாடி முழுக்க 'கட்டணமே கிடையாது' என்று சிவப்பெழுத்து. உள்ளே போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தால், கட்டணம் வாங்காததை மாற்று விலையில் வாங்கிவிடுகிறார்கள். வாசல் பக்கம் சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கமாக எடுத்துக்கொள்வது. வங்கியைவிடவும் அதிகம்.

இனி எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். நான் இவ்வளவு கொடுத்தால், அவள் கையில் எவ்வளவு போய்ச் சேரும்? மற்றதெல்லாம் பேச்சு.

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏழு நிமிடம் தாமதம். ரத்தம் கொடுக்க மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், பாவம்.

மார்ச் 6, வெள்ளி

சாயங்காலம் இவருடைய அண்ணன் வந்தார். இவர் வாயில்தான் எதுவும் நிற்காதே.

"ஏம்மா, படிச்ச பொண்ணு இப்படியா கடை கடையா ஏறி இறங்குவ? நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். இங்க அவர் கையில குடு. ஒரு மணி நேரத்துல அங்க உன் தங்கச்சி கையில. ஒரு பைசா கட்டணம் கிடையாது, விலையும் பேங்கைவிட ஜாஸ்தி."

"ரசீது?"

"ரசீதா! உன் தங்கச்சி பர்ஸுல இருக்கற ஏதாவது ஒரு நோட்டோட நம்பரைச் சொல்லட்டும். பணம் கொண்டுவர்ற ஆள்கிட்ட அந்த நோட்டைக் காட்டினா தீர்ந்தது. அதான் ரசீது."

"அவர் பேரு என்ன?"

"பேரு என்ன பேரு, எல்லாரும் தலைவர்னு கூப்பிடுவாங்க."

இவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "தலைவர் தலைமறைவாயிட்டா யாருண்ணே பொறுப்பு?"

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்ல மனசோடுதான் வந்தார், கெட்ட எண்ணமில்லை. எனக்குத்தான், பேரில்லாத ஆளிடம் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. ஒட்டுச்சீட்டில் பெயரில்லாத ரத்த மாதிரிக் குழாயை நான் தொடுவதுகூடக் கிடையாது.

மார்ச் 7, சனி

கைபேசி வழியாக அனுப்பும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தேன். அனுமதி எண் போட்டிருந்தது. போட்டிருப்பதை நம்பாமல் அரசாங்கப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இருந்தது. என் ஒரே கேள்விக்கு அனுப்புவதற்கு முன்பே பதில் சொன்னது, கடைசி இலக்கம் வரை. வங்கி சொன்னதைவிட அவளுக்குக் கிட்டத்தட்ட ஒரு வார மளிகைச் செலவு அதிகமாகக் கிடைக்கும்.

பிறந்தநாளுக்கு வங்கியில் அனுப்பிய பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பெயரை அப்படியே பார்த்து எழுதினேன். எண் மட்டும் புதிது. பதினோரு இலக்கத்தையும் இவர் உரக்கப் படித்தார், நான் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

மூன்று மாத உழைப்பு ஒரு விரல் தட்டலில் போய்விட்டது.

மார்ச் 8, ஞாயிறு

'வழியில் உள்ளது' என்கிறது. எந்த வழியில்? கடலிலா?

மார்ச் 10, செவ்வாய்

திரும்பிவிட்டது.

காலை பத்தரைக்கு வேலைக்கு நடுவே செய்தி வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த நிறுவனத்துக்குப் பேசினேன். பொறுமையான பெண் குரல். "மேடம், நீங்க குடுத்த பேரோட ரெண்டாவது பகுதி அந்த அக்கவுண்ட்டோட பொருந்தல. அதனால அந்த வங்கி ஏத்துக்கல. பணம் பத்திரமா இருக்கு. உங்களுக்குத் திரும்பி வர அஞ்சு வேலை நாள் ஆகும்."

கத்த வாயெடுத்தேன், வரவில்லை. போன மாதம்தான் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தார்கள், இனிஷியல் மட்டும் வேறு. ஒட்டுச்சீட்டில் ஓர் எழுத்து சரியில்லை என்று அந்த அம்மாவை மறுபடி வரவழைத்து மறுபடி குத்தினேன். அவர் திட்டியபோது 'உங்க நல்லதுக்குத்தாம்மா' என்றேன். இன்று நான் அந்த அம்மா.

இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"என்ன பேர் போட்ட?"

"உன் பேரும் உன் வீட்டுக்காரர் பேரும். எப்பவும் போடறதுதானே."

அந்தப் பக்கம் குழாய் திறந்து மூடும் சத்தம்.

"அப்பா பேர் போடுக்கா."

எனக்குப் புரியவில்லை. புரிந்தது. புரியாத மாதிரியே கேட்டேன்: "எதுக்கு?"

"இப்ப என் பேரு அதான். செப்டம்பர்லருந்து."

ஆறு மாதம். வாரத்துக்கு இரண்டு முறை பேசியிருக்கிறோம். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். 'இருக்காரு' என்பாள். பொய்யில்லைதான், எங்கோ இருக்கிறார்.

"அடிச்சாரா?"

"இல்லக்கா. பேசறதையே விட்டுட்டாரு. சம்பளம் போட்டாச்சான்னு மட்டும் கேப்பாரு. ரெண்டு பேர் பேருலயும் இருந்த அக்கவுண்ட், கார்டு அவர்கிட்ட."

"அப்ப நான் பிறந்தநாளுக்கு அனுப்பினது..."

"அதெல்லாம் என் கைக்கு வரலக்கா."

"நீல ஸ்வெட்டர் வாங்கினேன்னு போட்டோ அனுப்பினியே?"

"கூட வேலை செய்யறவங்க குடுத்தது. நீ ஆசையா கேட்ட. என்ன சொல்ல?"

ஏன்டி சொல்லலை, ஏன் எங்கிட்ட சொல்லலை என்று படிக்கட்டென்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா நானும் அழுவேன். வேலைக்கு வேற போகணும்."

இப்போது தங்கியிருப்பது அந்த ஸ்வெட்டர் கொடுத்தவர் வீட்டுக் கூடத்தில், சோபாவில். அட்வான்ஸ் கட்டவேண்டியது வீட்டுக்கு இல்லை, ஓர் அறைக்கு. பூட்டும் சாவியும் உள்ள ஒரே ஓர் அறை. அதற்குத்தான் பதினாலாம் தேதி.

எத்தனை வருஷம்? எவ்வளவு பாதுகாப்பாக, நேரத்துக்கு, அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்!

மார்ச் 11, புதன்

திரும்பும் பணம் பதினேழாம் தேதிதான் வரும். அட்வான்ஸ் கட்ட இன்னும் மூன்று நாள்.

அண்ணன் போன் செய்தார். "இப்பவாவது கேளும்மா. தலைவர் இன்னிக்கே முடிச்சுடுவார். முதல்ல அங்க குடுக்கச் சொல்றேன், நீ மெதுவா இங்க குடு."

ஒரு நிமிடம் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. தெரியாத ஆள் ஒருவன் அவள் தங்கியிருக்கும் தெருவுக்கு வருவான். இவள் தனியாக இறங்கிப் போய், பர்ஸிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டவேண்டும். இப்போதுதான் ஒருவனிடமிருந்து எல்லாவற்றையும் மறைத்து, சொந்தப் பெயரில் ஒரு கணக்கு திறந்திருக்கிறாள். அவள் முகவரியை நான் யாரோ ஒரு தலைவருக்குச் சொல்வதா?

"வேண்டாம். நீங்க கேட்டதே பெரிசு" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

பணத்துக்கு என்ன செய்வது என்று அரிசியைக் களைந்தபடி நின்றேன். எத்தனை தண்ணீர் மாற்றினேனோ. இவர் வந்து மேடைமேல் அவருடைய கைபேசியை வைத்தார். வண்டி மாற்ற என்று இரண்டு வருஷமாகச் சேர்த்தது, என் கணக்குக்கு மாற்றியாகிவிட்டது.

"வண்டி?"

"அது இன்னும் ஒரு வருஷம் இருமிக்கிட்டே ஓடும். பட்டன் உனக்கு மட்டும்தான் தங்கச்சியா?"

அரிசியை மறுபடி களைந்தேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. அவளுடைய வங்கித் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதிலுள்ளபடி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். முதலில் சின்னத் தொகை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகும் அளவு. அன்றே செய்திருக்கவேண்டும். தெரிந்த பெயர்தானே என்ற மிதப்பு.

அப்பா பெயரை முழுதாகத் தட்டச்சு செய்து எவ்வளவு காலமாயிற்று. இருபத்திரண்டு வருஷம் முன்பு கல்யாணமானபோது நானும் அந்த இனிஷியலை மாற்றிக்கொண்டவள்தான். எனக்கு அது உறுத்தியதில்லை. அவள் அதற்குத் திரும்பிப் போகவேண்டி வந்தபோது, அது அங்கேயே இருந்ததே.

இருபது நிமிடத்தில் பதில்: "வந்துச்சு. என் கைக்கே வந்துச்சு."

மார்ச் 12, வியாழன்

காலையில் மீதி முழுவதும் அனுப்பினேன். மூன்று மணிக்குச் சேர்ந்தது. சொன்ன தொகை, ஒரு பைசா குறையாமல்.

மார்ச் 14, சனி

அட்வான்ஸ் கட்டிவிட்டாள். வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டினாள். சுற்றிக் காட்ட என்ன இருக்கிறது, நின்ற இடத்திலேயே ஒரு திரும்பு திரும்பினாள், முடிந்துவிட்டது. ஒரு ஜன்னல். ஒரு கட்டில், அதைப் போட்டபின் கதவு பாதிதான் திறக்கிறது.

"ஒல்லியாத்தான் வரணும்கா என் வீட்டுக்கு."

'என் வீடு' என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா போனில், "புது வீடாமே, மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?"

"பட்டனுக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருப்பது அபூர்வம். தெரிந்திருக்குமோ?

மார்ச் 17, செவ்வாய்

திரும்பிய பணம் வந்துவிட்டது. வண்டிப் பணத்தை இவருக்கு மாற்றினேன். "வட்டி எங்க?" என்றார். இரண்டாவது காபி கொடுத்தேன். என்னிடம் இருந்த கொஞ்சநஞ்சமும் வண்டிக்குப் போகட்டும் என்று சொன்னதற்குப் பழைய வண்டிக்கு மனசு கஷ்டப்படும் என்கிறார்.

தங்கச்சி, கடனை மாதாமாதம் எவ்வளவு திருப்பலாம் என்று கேட்டிருந்தாள். பதில் போடவில்லை.

மார்ச் 18, புதன்

பரிசோதனைக் கூடத்தில் விடுப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். பத்தொன்பது நாள் பாக்கி. எதற்கு என்று மேலாளர் கேட்டார், சும்மா பார்க்கிறேன் என்றேன்.

சும்மா இல்லை. மதியம் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை எடுத்து, பாதிவரை நிரப்பி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நான் இதுவரை எந்த நாட்டு எல்லையையும் தாண்டியவள் இல்லை. விமானத்தில் எந்தப் பக்கம் ஏறவேண்டும் என்றுகூடத் தெரியாது. ஜூன் மாதம் போகிறேன். இவரிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் வேண்டாம்கா, செலவு, இங்க இடமே இல்ல என்பாள்.

இடமில்லைதான், பார்த்தேனே. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் அகலம் இருக்கிறது. அதில் நான் படுத்துக்கொள்வேன்.