மாமா பிடித்த கயிறு

சேசு மரி சூசை துணை

கீழவைப்பார்,
20.8.1974

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம், பம்பாயில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்றுதான் தினமும் செபமாலை சொல்கிறேன். அங்கே மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஈரத்தலையை முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதே.

அப்பாவின் தோள்பட்டை பற்றிக் கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன தடவை ரயிலடியில் உன் நெற்றியில் சிலுவை போட வலது கை எழும்பவில்லை, இடது கையால் போடுங்கள் என்று நீ சொன்னதற்கு அது சிலுவை ஆகாது என்று திரும்பி நின்றுகொண்டாரே, அந்த வருத்தம் அவரை விடவே இல்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் தோளுக்கு வைத்த கரண்டு சூடு சுகமாகத்தான் இருந்தது, பஸ் ஏறி வீடு வருவதற்குள் தோள் பழையபடி இறுகிவிடும். உங்கள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் தோள் இறுகினவர்களில் ஒரு சாராருக்குச் சூடு மட்டும், மற்றவர்களுக்குச் சூட்டோடு பயிற்சியும் கொடுத்துப் பார்த்ததில் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கை நன்றாக உயர்ந்தது என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். அப்படியானால் வெறும் சூடு வாங்கினவன் பாவம் இல்லையா, அவனுக்கும் பிறகாவது பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்கிறார், அதற்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

நீ சொன்னபடி உத்தரத்தில் கிணற்றுக் கப்பியைத் தொங்கவிட்டுக் கயிறும் மாட்டினேன். இடது கையால் இழுத்தால் வலது கை உயரும், லேசான வேலை. உன் அப்பா தொட்டால்தானே. "ஏளா, நம்ம கயித்த நாமளே பிடிச்சா மேல வர முடியுமா? கயிறு மச்சான் கையிலல்லா இருக்கணும்" என்கிறார். முத்துச் சலாபம் நடந்த காலத்தில் கடலடியில் முத்துக் குளிக்கிறவனின் கயிற்றைத் தோணியில் இருந்து அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிப்பான், தங்கச்சி தாலிக்காகக் கண் இமைக்க மாட்டான். அதைத் தோள் வலிக்கும் கொண்டுவந்துவிட்டார் மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கப்பியைத் தூக்கிக் கிணற்றிலேயே போட்டிருப்பேன். கடைசியில், அந்நாளில் அப்பாவின் கயிற்றைப் பிடித்த என் அண்ணன் வளன் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். சலாபம் நின்ற பிறகு இரண்டு பேரும் கோயிலில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி, ஆனால் சொன்ன அன்றே வந்து கயிற்றைப் பிடித்தார். வலித்தால் அப்பா வாய் திறக்க மாட்டார், கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். கடலில் சுண்டினால் இழுக்க வேண்டும், இங்கே தளர்த்த வேண்டும், மாமா மறந்துபோய்ப் பழைய பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்துவிட, அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். இப்போது காலைப் பூசை முடிந்ததும் மாமா வந்துவிடுகிறார், கப்பி கிறீச்சிட அந்தக் காலத்துப் பேச்சுதான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தோணி வரும்வரை கரையில் நின்றதும், சிப்பி நாற்றமும், கயிறு அறுத்த மாமாவின் உள்ளங்கைக்கு நான் எண்ணெய் போட்டதும் எல்லாம் நினைவு வருகிறது. அந்த நாள் இனி வராது, ஆனாலும் அடுப்படியில் நின்று கேட்க நெஞ்சு நிறைந்துபோகிறது.

நேற்று அப்பா என் நெற்றியில் சிலுவை போட்டுப் பார்த்தார், கொஞ்சம் கோணல், ஆனால் வலது கை. தானாகவே சரியாகிற நோயும் உண்டு, எது குணமாக்கியது என்று சட்டென்று சொல்லக் கூடாது என்பாய். பயிற்சியா, மச்சானா, மாதாவா, நீயே ஆராய்ந்து சொல். நேரத்துக்குச் சாப்பிடு, கிறிஸ்மசுக்கு என்றைக்கு வருகிறாய் என்பதை மறக்காமல் எழுது. அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன், எழுதாதே, நேரில்தான் போடுவேன் என்கிறார். ஆகையால் இதில் என் ஆசீர்வாதம் மட்டும்தான் இருக்கிறது, அவருடையதை வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரகாசியம்மாள்