குரல் உயர்த்தக் கூடாத கரை

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தடுக்க ஆளில்லை என்று மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பாய்.

இத்தீவில் பெரிதாக ஒன்றுமில்லை. நேற்று உச்சிவெயிலில் பறவைக் காப்பக அதிகாரியே தம் விருந்தினரைப் படகில் அழைத்து வந்து, கூடுகளைச் சுற்றி நான் கட்டிய கயிற்றைத் தாண்டினார். "ரெண்டு நிமிஷம்தானே, புரொபசர் சார்! பறவை என்ன, கோவிச்சுக்கவா போகுது?" என்று சிரித்தார். அங்கே நாங்கள் குரல் உயர்த்துவதில்லை. உயர்த்தினால் மிச்சப் பறவைகளும் முட்டைகளை விட்டு எழுந்துவிடும். ஆகவே கைகூப்பி நின்றேன். அவர்கள் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதற்குள், பறவைகள் பயந்து எழுந்துபோன கரையோர முட்டைகள் மணலிலேயே வெந்துவிட்டன. அவருடைய மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். மிகவும் பணிவாக, அவர் பெயரோடு.

ஒரு தாய்ப்பறவை மட்டும் இன்னும் கடலில் வயிற்றிறகை நனைத்து வந்து அம்முட்டைகளைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை அகற்றுவது என் வேலை. மனம் வரவில்லை.

இனிப் பகல் முழுதும் கயிற்றருகே உட்காரப்போகிறேன். தலைக்கு மேல் நிழல் கட்ட உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

உன்,
சம்பளமில்லாத காவல்காரன்