ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிள் மணி

கம்பம். 1938 மாசி, சந்தை நாள்.

ஆற்றங்கரைச் சாலையில் இன்று வண்டிகளைத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பச் சுலபம் என்று, நுகத்தடி சாலைக்குள் நீட்டியிருக்க வண்டியை அவிழ்த்துப் போடுவதுதான் இங்கே வழக்கம். போன வருஷம் அந்தி இருட்டில் அப்படியொரு நுகத்தடியில் சைக்கிளோடு மோதித்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு யாரும் அந்தப் பக்கம் சைக்கிள் விடவில்லை.

இதை மாற்றச் சொல்லிப் போர்டு ஆபீசுக்கு நான்தான் நடையாய் நடந்தேன். இப்போது நுகத்தடிகள் ஆற்றைப் பார்க்கின்றன. வண்டிகளுக்கும் சாலைக்கும் நடுவில் கல் நட்டு, சைக்கிள் போகத் தனி வழி விட்டிருக்கிறார்கள். கல் சுமந்தவர், அவர் மோதிய வண்டிக்குச் சொந்தக்காரரேதான். என்னைக் கண்டதும் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்பவே இப்பிடித் திருப்பிப் போட்டிருந்தா, சார் வீடு வந்து சேந்திருப்பாக, டீச்சரம்மா."

"கல்லை நல்லா நட்டிருக்கீக," என்றேன்.

எங்கள் வீடு அந்தச் சாலையில்தான். சாயங்காலமே சைக்கிள்கள் வரத் தொடங்கிவிட்டன. மணிச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குகிறேன். ஒரு தடவை, அவர் கால் கழுவச் சொம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இந்த வழியைக் கேட்டு வாங்கியவள் நான். இனி தினமும் மணி அடிக்கும்.

இதோ, இன்னொன்று வருகிறது. எழுந்திருக்கக் கூடாது. அது நம் வாசலைத் தாண்டும்வரை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.